ரம்பத்துக்கும் தேநீர் மேசைக்கும் நடுவே கதவு வேண்டும்
கருவிகளை வாங்கிப் போட்டால் ஓய்வுபெற்ற ஆண்கள் தானாக வந்து பேசிப் பழகுவார்கள் என்று ஆஸ்திரேலியாவின் ‘மென்ஸ் ஷெட்’ (ஆண்கள் கூடி மரவேலை போன்றவை செய்யும் பொதுப் பட்டறை) பற்றி ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. விக்டோரியா மாநிலத்து டொங்காலாவில் 1998-இல் இந்தப் பெயரில் பட்டறை திறந்த காலம் முதல், ஆண்கள் தோளோடு தோள் நின்றால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதே இதன் அடிப்படை. ஆனால் மேசை ரம்பமோ இழைப்பு இயந்திரமோ ஓடினால் சத்தம் 100 டெசிபலை நெருங்கும், பேச்சு நின்றுவிடும். செவித்துணைக் கருவி அணிந்தவர் பாடு இன்னும் மோசம், அதன்மேல் சத்தத்தைத் தடுக்கும் காதுறையை மாட்டினால் கருவி கீச்சிடும். இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாம் நாள் வரமாட்டார். அதனால் இயந்திர அறை தனியாக, கதவோடு இருக்க வேண்டும். இடமில்லையா, காலையில் முதல் ஒரு மணி நேரத்திலேயே எல்லா அறுப்பையும் முடித்துவிடுங்கள். பிறகு கைவேலை மட்டும்: 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் சொரசொரப்பானதில் தொடங்கி வரிசையாகத் தேய்ப்பது, மூட்டு சேர்ப்பது. மரப்பசை தடவி, கட்டைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடைத்த பின் அரை மணி நேரம் அதைத் தொடக் கூடாது. உண்மையான பேச்சு நடப்பது அந்த அரை மணியில்தான். தேநீரை அப்போது வையுங்கள். பட்டறையில் கையுறை கட்டாயம் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் கட்டையைச் சுழற்றிச் செதுக்கும் கடைசல் இயந்திரத்தில் கையுறை கூடவே கூடாது. சுழலும் கட்டையில் அது சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். முழுக்கைச் சட்டையையும் முழங்கைக்கு மேல் இறுக்கி மடித்துவிட வேண்டும்.