ஊக்கம் சம்பளத்தில் மட்டும் இல்லை

சம்பளம் உயர்ந்தால் ஆசிரியர்களுக்கு ஊக்கம் தானாக வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அதே சம்பளம், அதே உப்புத் தண்ணீர். தலைமையாசிரியர் மாறியதும் பள்ளியே மாறிவிட்டது. முன்பு இருந்தவர், பஸ் தாமதமாகி வந்தால்கூடப் பிள்ளைகள் முன்னாலேயே சத்தம் போடுவார். இப்போதைய தலைமையாசிரியை வந்ததும் முதல் வேலையாகப் பெண் ஆசிரியர்களின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டு, குழாயில் தண்ணீர் வர வைத்தார். இது சின்ன விஷயமே இல்லை. கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள்! மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு வேலையையும் முறை வைத்துப் பிரித்துக் கொடுத்தார்.

அப்புறம், அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கிய ஒரு பையனை நான் வீடு தேடிப் போய்ப் பேசி அழைத்து வந்தேன். அதைத் தலைமையாசிரியை பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எடுத்துச் சொன்னார். சம்பளமும் வசதியும் மனக்குறையைத்தான் தீர்க்கும், பாராட்டும் பொறுப்பும்தான் உற்சாகம் தரும் என்று 1959இலேயே அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சொன்னது இதைத்தான். வெளியூர் ஆசிரியர்கள் இடமாறுதல் கலந்தாய்வு வந்தாலே மாறுதல் கேட்கும் பகுதி இது. எங்கள் பள்ளியில் இந்த முறை யாரும் விண்ணப்பிக்கவில்லை.