முதலில் பஸ் வரட்டும்

"வாசலிலேயே எல்ஆர்டி ரயில் இருக்கு, இருந்தும் காடியை (காரை) விடமாட்டானுங்க, சோம்பேறிங்க. ஜேம் ஆகாம என்ன ஆகும்?" ஏசி அறையில் மைக் பிடித்து ஒருவர் இப்படிப் பேசிய வீடியோவை நேற்றிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பார்த்திருப்பீர்கள். கீழே கைதட்டியவர்களில் நம்மவர்களும் நிறைய. அதுதான் எரிகிறது.

எந்த வாசல் ஐயா? கோலாலம்பூர் பக்கத்துப் பூச்சோங்குக்கு 2016-இல் அந்த ரயில் வந்தது. அந்த வழியே போகும் எல்டிபி ஹைவே அன்றும் ஜேம், இன்றும் ஜேம். ஸ்டேஷனுக்கும் தாமானுக்கும் (குடியிருப்புக்கும்) நடுவே இருக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டரை, ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டுவிடும் ஃபீடர் பஸ்தான் கடக்க வேண்டும். அது வருவதில்லை.

ஏன் வருவதில்லை? ஒரு சுற்றுக்கு 60 நிமிடம் என்றால், 4 பஸ் ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று. மாலை ஜேமில் அதே சுற்று 100 நிமிடம் ஆனால் 25 நிமிடத்துக்கு ஒன்று. அதுவும் ஒழுங்காக வராது. முன்னே போகிற பஸ் சற்றுத் தாமதித்தால் நிறுத்தத்தில் ஆள் சேரும், ஏற்ற நேரம் பிடிக்கும், இன்னும் தாமதம். பின்னே வருவதற்கு ஏற்ற ஆளில்லை, வந்து ஒட்டிக்கொள்ளும். 50 நிமிடம் ஒன்றுமே வராது, அப்புறம் இரண்டும் ஜோடியாக வரும். டிரைவரைத் திட்டி என்ன பயன்?

"பஸ் காலியாகத்தானே போகுது" என்பீர்கள். எப்போது வரும் என்றே தெரியாத பஸ்ஸுக்கு யார் நிற்பார்கள்?

"பஸ் லேன் போட்டா காடிக்கு இடம் போயிடும்." போகட்டுமே! பாதி நேரம் பச்சை எரியும் சிக்னலில் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 900 காடிதான் கடக்கும், பெரும்பாலும் காடிக்கு ஒரே ஆள். 60 பேர் ஏறிய பஸ் 20 போனால் 1,200 பேர். ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட, 100 நிமிடச் சுற்றுக்கு 10 பஸ் வேண்டும். லேன் கிடைத்துச் சுற்று 60 ஆனால் 6 போதும், மிச்ச நாலை அடுத்த தாமானுக்கு விடலாம். ஆனால் கோடு மட்டும் போட்டால் ஆகாது. ரொட்டி சானாய் கடை வாசலில் "அஞ்சு நிமிஷம்லா" என்று ஒரு காடி நின்றால் லேன் செத்தது. உடனே இழுத்துப் போக வேண்டும். சன்வேயில் 2015 முதல் 5.4 கிலோமீட்டருக்கு பிஆர்டி என்ற விரைவு பஸ் ஓடுகிறது. மேலே தனிப்பாதை, கீழே என்ன ஜேம் என்றாலும் அதற்குக் கவலையில்லை.

இன்னும் ஹைவே கட்டலாமாம். சூக்கே, டாஷ் என்று இரண்டு புது ஹைவே 2022-இலிருந்து திறந்தாச்சு. தீர்ந்ததா?

வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர் காடியில்தான் போகட்டும். அவருக்கு வழி கிடைக்கத்தான் மற்றவர்களுக்கு பஸ் கேட்கிறேன்.

"நடக்கலாமே" என்ற மகராசனுக்கு: மூடியில்லாத லொங்காங் (சாக்கடை), நடைபாதை மேல் மோட்டார் சைக்கிள், நாலு மணி மழை. நீங்கள் முதலில் நடங்கள், பின்னாலேயே வருகிறோம்.

மாதம் முழுக்க பஸ், ரயில் ஏற மை50 பாஸ் நல்ல திட்டம்தான். மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டு, இரவு ஷிஃப்டு முடிந்து வரும் அக்கா கடைசி ஃபீடரைத் தவறவிட்டுக் கிராப் வாடகைக் காடி தேடுகிறார். கடைசியில் கடன் வாங்கி மோட்டார் எடுக்கிறார். இவரா சோம்பேறி? ஏசி அறையில் மைக் பிடித்தவர் சுறுசுறுப்பா?

"நீ மட்டும் காடி ஓட்டலையா" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஓட்டுகிறேன். பஸ் வருவதில்லையே.