சொந்த ட்ரிக் வேணும்னா பழசக் கத்துக்கக் கூடாதா?

"மத்தவங்க ட்ரிக்க கத்துக்கிட்டா கற்பனை செத்துடும், பெரிய மேஜிஷியன்ஸ் எல்லாம் ஜீரோலேந்து தானா கண்டுபிடிச்சவங்க"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்கார், அதுக்கு இத்தனை லைக் வேற. தப்புங்க.

ஆள ரெண்டா அறுக்கற ட்ரிக்கயே பாருங்க. 1921-ல லண்டன்ல செல்பிட்ங்கற மேஜிஷியன் பண்ணப்போ அறுபடற பொண்ணு பெட்டிக்குள்ள முழுசா மறைஞ்சிருந்தாங்க. அதே வருஷம் அமெரிக்கால கோல்டின்ங்கற மேஜிஷியன் தலையும் காலும் வெளிய தெரியற மாதிரி மாத்தினார், அப்புறம் பெட்டியே இல்லாம வட்ட ரம்பம் வச்சு பண்ண ஆரம்பிச்சார். 1956-ல நம்ம பி.சி.சர்க்கார் பிபிசி டிவில ரம்பத்த வச்சு பண்ணி, அந்தப் பொண்ணு எழுந்திரிக்கறதுக்குள்ள ப்ரோக்ராம் முடிஞ்சுபோய் செத்துட்டாங்களோன்னு ஜனங்க ஃபோன் மேல ஃபோன் போட்டது தனிக்கூத்து. 1965-ல ஹார்பின்ங்கற மேஜிஷியன் பெட்டிய நிமித்தி வச்சு நடுப்பகுதிய மட்டும் பக்கவாட்டுல தள்ளிட்டார், இதுல எது ஜீரோ?

1922-ல பிரபல மேஜிஷியன் ஹூடினியவே ஏமாத்தின சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னானும் கட்டுக்குள்ள வச்ச சீட்டு மேல வர்ற பழைய ஐடியாவத்தான் எடுத்தார், ஆனா செய்யற முறைய மாத்தினதால ஹூடினியால திரும்பத் திரும்பப் பாத்தும் கண்டுபிடிக்க முடியல.

புதுசா ஆரம்பிக்கறவங்க நாலஞ்சு பேசிக் வித்தைய கை தானா ஓடற அளவுக்குப் பழகுங்க, அப்புறம் ஒரே ஒரு விஷயத்த மாத்திப் பாருங்க, காசுக்கு பதிலா வீட்டுச் சாவி, இல்ல மறையறதுக்கு பதிலா அடுத்தவர் கைல வர்ற மாதிரி. மாத்தினா பழைய முறை பாதில உடையும், அத சரிபண்ண யோசிக்கறப்பதான் உங்க சொந்த சரக்கு வரும். அதுக்காக ட்ரிக் பண்றப்போ பேசற பேச்ச மட்டும் மாத்திட்டு "என் கண்டுபிடிப்பு"ன்னு போடாதீங்க, யார்கிட்டேந்து எடுத்தீங்களோ அவங்க பேர சொல்லிடுங்க.