பீஸ் இல்லை, குழம்புதான்

"தோல் அலர்ஜி என்றுதானே அக்கா டாக்டர் சொன்னார்? அன்றிலிருந்து தோல் உரித்த கோழிதான் வாங்குகிறேன். கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட. அப்படியும் என் நாய் பிஸ்தா காலை நக்குவதை நிறுத்தவில்லை."

"டேய் சேகர், இன்னொரு தடவை சொல்லு."

"தோல் உரித்த கோழி..."

"அலர்ஜி நாயோட தோலுக்குடா! கோழித் தோலுக்கு இல்லை."

(காசிமேட்டில் மீன் விற்கிற அந்த அக்காவிடம் நான் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் பேரத்தை விட்டுவிட்டேன்.)

"அப்போ அதை டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா அக்கா?"

"சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, படி."

"எட்டு வாரம்... கோழி, முட்டை, பால் எதுவும் கொடுக்கக் கூடாது."

"இதுக்கு மேல் எப்படிடா தெளிவாகச் சொல்வார்? கோழியே வந்து சொல்லணுமா?"

"சரி அக்கா, இன்றோடு கோழி கட். சோற்றில் குழம்பு மட்டும் ஊற்றிப் பிசைந்து வைக்கிறேன்."

"என்ன குழம்பு?"

"கோழிக் குழம்பு. ஆனால் பீஸ் இல்லை, குழம்புதான்."

"உனக்கு இறால் சேராதுதானே?"

"ஐயோ, வாயில் வைத்தாலே உதடு வீங்கிவிடும்."

"உட்கார். மத்தியானம் எங்கள் வீட்டில் இறால் தொக்கு. உனக்கு ஒரு கரண்டி ஊற்றுகிறேன்."

"அக்கா, உயிர் போய்விடும்!"

"பீஸ் இல்லைடா, குழம்புதான்."

(சேகர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர்கள் பேசாமல் இருப்பது அபூர்வம்.)

"அதில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் வேற நாய்க்கு ஆகவே ஆகாது. நாய்க்கு மசாலா எதுக்குடா?"

"அது நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி அக்கா. தனியாகச் சமைத்தால் முகம் வாடிவிடும்."

"யார் முகம்?"

"என் பொண்டாட்டி முகம்."

"டீக்கடைப் பொறையையாவது நிறுத்தியாச்சா?"

"பொறை நான் கொடுப்பதில்லை. டீ மாஸ்டர் போடுவார். அதுக்கு நான் என்ன பண்ண? ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் ஒரு முட்டை வைப்பார்கள். ஞாயிறு கணக்கில் வராது அல்லவா?"

"ஞாயிறு வாரத்தில்தானேடா வருகிறது? பத்தியத்தை நடுவில் உடைத்தால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணணும். நீ எண்ணுகிற எண்ணிக்கைக்கு அந்த எட்டு வாரம் அடுத்த பொங்கலுக்கும் முடியாது. சரி, காலைக் காட்டச் சொல்லு அதை."

"பாருங்க அக்கா. வெள்ளைக் கால், முடியெல்லாம் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டார் என்று நேற்று அவரோடு பெரிய சண்டை."

"அது நாயோட எச்சில்டா. அரிக்கிறது, நக்குகிறது, நக்க நக்கக் கறை ஏறுகிறது. அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?"

"அவர் வெற்றிலையே போடுவதில்லையாம்."

"விரல் இடுக்கைப் பார், வெந்து கிடக்கிறது. கழுவச் சொன்னாரா இல்லையா?"

"தினமும் கழுவுகிறேன். கொஞ்சம் பினாயில் விட்டு."

"அது கக்கூஸாடா?"

"கிருமி சாகட்டும் என்று..."

"நாய் நக்குகிற காலில் பினாயிலா! வெறும் தண்ணீர் போதும். கழுவினால் துடைக்கணும். இடுக்கில் ஈரம் நின்றால் நமக்குச் சேற்றுப்புண் வருகிற மாதிரி அதுக்கும் வரும். என் கையைப் பார், ஐஸில் விட்டு விட்டு இப்படி ஆகிவிட்டது. நான் சாயங்காலம் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போடுகிறேன். அதுக்கு யார் துடைப்பார்? அப்புறம், மத்தியானம் ஒரு மணிக்குத் தார் ரோட்டில் கூட்டிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். உன் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நாலு அடி நட."

"கழுத்தில் மாட்டுகிற கூம்பு ஒன்று கொடுத்தார் அக்கா. கோயில் ஸ்பீக்கர் மாதிரி இருக்கிறது, தெருவே சிரிக்கிறது. கழற்றிவிட்டேன்."

"நாய்க்கு வெட்கமா, உனக்கா?"

"எனக்குத்தான். இன்னொன்றும் சொன்னார். தூசி, புகை இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று."

(இங்கே அக்கா மீன் வெட்டுவதை நிறுத்தினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வால் முட்டி நின்றன.)

"எந்த இடம் என்று சொன்னாரா?"

"இல்லை."

"2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்ததே, என் தங்கச்சி வீட்டுக்காரர் அதைக் கையால் அள்ளினார். அப்புறம் உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. எண்ணெய் இல்லாத இடத்தில் இருங்கள் என்று அவருக்கு ஒருத்தரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. உன் பிஸ்தாவுக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்."

"..."

"சரி, அந்தச் சீட்டில் வேற என்ன?"

"அக்கா, பேசாமல் வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்கே போய்விடட்டுமா?"

"போ, நல்ல இடம். 1903இல் ஆரம்பித்தது. உன்னை மாதிரி ஆட்களை நூற்றிருபது வருஷமாகப் பார்த்துப் பழகியிருப்பார்கள். ஆனால் குழம்புக் கதையை அங்கேயும் சொல்லாதே."

"அப்போ மீன் போடலாமா? ஒரு கிலோ மத்தி கொடுங்க."

"வியாபாரம் எனக்குக் கசக்குமா? ஆனால் பத்தியத்துக்கு என்ன கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறது, அதைப் படி முதலில்."

"இதுவரை அது சாப்பிடாத ஒன்று."

"காசிமேட்டில் பிறந்த நாய்டா. மத்தியைத் தின்றுதான் கண்ணே திறந்திருக்கும். அது இதுவரை வாயில் வைக்காதது எது, நல்லா யோசி."

(சேகர் நிஜமாகவே யோசித்தார். நானும் யோசித்தேன்.)

"டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அக்கா."