கடலிலேயே இருக்கும் மத்தி

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு எட்டு நாள் டூர் போகக் கட்டிய பணத்தில் உருப்படியாகத் தேறியது இரண்டரை நாள். மீதி நாளெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து ஆலிவ் தோப்பு பார்த்தோம், இறங்கினோம், போட்டோ எடுத்தோம், ஏறினோம். அதைத் திட்டித் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த இரண்டரை நாளும் சிசிலியின் தலைநகரான பலெர்மோவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் எங்கள் பன்னிரண்டு பேரையும் சந்து சந்தாக நடத்திக் கூட்டிப்போய், நின்ற இடத்திலெல்லாம் எதையாவது சாப்பிடக் கொடுத்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்ன கதைகளை நினைத்தால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் திட்டு, கொஞ்சம் பாராட்டு, அப்புறம் அந்தப் பெண்மணியோடேயே ஒரு சண்டை. நீளமான பதிவு, காபி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

திட்டை முதலில் முடித்துவிடுகிறேன். மொன்ரியாலே என்று பலெர்மோவுக்கு மேலே ஒரு மலையூர், அங்கே 12ஆம் நூற்றாண்டில் நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் கட்டிய பேராலயம். உள்சுவர்களில் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் தங்கப் பின்னணியில் மொசைக். அதைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிஷம், அதில் பத்து நிமிஷம் டாய்லெட் வரிசை. அக்ரிஜென்தோவில் இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கும் கிரேக்கக் கோயிலுக்கு உச்சி வெயிலில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் சவோக்கா என்ற கிராமத்தில் ஒரு பிரபல மாஃபியா படம் எடுத்த காபிக்கடை வாசலில் போட்டோ எடுக்க மட்டும் ஒரு மணிநேரம்! தீவு முழுக்க அந்தப் படத்து டி-ஷர்ட்தான் தொங்குகிறது. 1992இல் மே மாதம் மாஃபியாவை எதிர்த்த நீதிபதி ஃபல்கோனேயையும், இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் ஜூலையில் போர்செல்லீனோவையும் குண்டு வைத்துக் கொன்ற தீவு அது.

இந்த விஷயத்தில் எங்கள் வழிகாட்டிப் பெண்மணி கறார். கூட வந்த ஒருவர் மாஃபியா ஜோக் அடித்தபோது அவர் சிரிக்கவில்லை. பேசாமல் ஒரு கடைக் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். மாமூல் கட்டாத கடை என்று அர்த்தம். அங்கே மாமூலுக்குப் பெயர் பிட்சோ. 2004இல் சில இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டி ஆரம்பித்த இயக்கம்தான் அத்தியோபிட்சோ, ‘பிட்சோவுக்கு குட்பை’ என்கிற மாதிரி. இப்போது அவர்களே, மாமூல் மறுத்த கடைகளிலும் உணவகங்களிலும் மட்டும் நிறுத்தி டூர் நடத்துகிறார்கள். நீங்கள் போவதாக இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

இனி சாப்பாடு.

முதல் நாள் காலையில் பல்லாரோ சந்தையில் அவர் ஆரம்பித்ததே ஒரு புதிரோடுதான். சிசிலியின் பெருமை, மத்தி மீன் போட்ட பாஸ்தா. காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை, மத்தி. இதே பாஸ்தாவை மீன் இல்லாமலும் செய்வார்கள், அதற்குப் பெயர் என்ன தெரியுமா என்று கேட்டார். நாங்கள் முழித்தோம். ‘பாஸ்தா கி சார்தி அ மாரி’. அதாவது, மத்தி கடலிலேயே இருக்கும் பாஸ்தா. மீன் வாங்கக் காசில்லை என்பதை இதைவிட கெத்தாகச் சொல்ல முடியுமா? இதைக் கேட்டதும் எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. தட்டில் இல்லாத மீனையும் பெயரில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஊர்.

அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். பெக்காஃபீகோ என்பது அத்திப்பழம் கொத்தும் ஒரு சின்னக் குருவி, பிரபுக்கள் அதன் குடலையே அதன் வயிற்றில் அடைத்துச் சாப்பிடுவார்களாம். குருவிக்கு வழியில்லாதவர்கள் மத்தியைப் பிளந்து, ரொட்டித்தூள் அடைத்துச் சுருட்டி, வாலைக் குருவி வால் மாதிரி நிமிர்த்திவைத்து அதே பெயரில் சாப்பிட்டார்கள். கப்போனாத்தாவும் அப்படித்தான் என்றார். ஒரு காலத்தில் கப்போனே என்ற விலையுயர்ந்த மீனில் செய்தது, மீன் கட்டுப்படியாகாமல் அந்த இடத்தில் கத்தரிக்காய் வந்தது, மேலே ஊற்றிய புளிப்பு இனிப்புச் சாறு அப்படியே நின்றுவிட்டது. பாஸ்தா மேல் சீஸ் துருவ வக்கில்லையா, ரொட்டித்தூளை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவு. இன்றைக்குப் பெரிய ஹோட்டல்காரன் அதையே வெள்ளைத் தட்டில் வைத்து விற்கிறான், அது வேறு கதை.

மண்ணீரல் பன் எல்லோருக்கும் பிடிக்காது. மாட்டின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, கொழுப்பில் புரட்டி, எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். யூதக் கசாப்புக்காரர்கள் அறுப்புக்குக் கூலியாகப் பணம் வாங்கக் கூடாது என்பதால் உள்ளுறுப்புகளை எடுத்துக்கொண்டு அதை விற்றுக் காசு பார்த்தார்கள், 1492இல் ஸ்பெயின் அரசர்கள் போட்ட ஆணையில் அவர்களைத் துரத்திவிட்டார்கள், பன் மட்டும் ஊரில் தங்கிவிட்டது என்பது பலெர்மோவில் சொல்லும் கதை. எலுமிச்சை மட்டும் பிழிந்தால் அது ‘கன்னி’, சீஸும் சேர்த்தால் ‘கல்யாணம் ஆனது’. நான் கல்யாணம் ஆனதைச் சாப்பிட்டேன். என் மனைவி சைவம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலைமாவைக் களி மாதிரி கிண்டி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டிப் பொரிக்கும் பனெல்லே பன்னுக்குள் வரும், எலுமிச்சை பிழிந்தால் அமிர்தம். கத்தானியா பக்கம் வறுத்த கத்தரிக்காயும் உப்பு ரிக்கோத்தா சீஸும் போட்ட நோர்மா பாஸ்தா. காலையில் பாதாம் கிரனீத்தா என்ற ஐஸ்கூழ், கூடவே தலையில் கொண்டை போட்ட பன். நிஜமாகவே அதற்குப் பெயர் ‘கொண்டை வைத்த பிரியோஷ்’தான். ஸ்ஃபின்ச்சோனே என்ற தடித்த பீட்சாவை மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள், வெங்காயமும் தக்காளியும்தான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே நெத்திலி இருக்கும். அதை விற்கும் வண்டி நம் லோடு ஆட்டோவின் அண்ணன், அதே பியாஜியோ, அதே டகடக சத்தம், மேலே ஸ்பீக்கரில் பதிவுசெய்த கூவல்.

அந்த மண்ணீரல் பன்னின் எள்ளுக்கு வருகிறேன். சிசிலி மொழியில் எள்ளுக்குப் பெயர் ஜுஜ்ஜுலேனா. அரபியில் ஜுல்ஜுலான். கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. நம் வீட்டு நல்லெண்ணெய் பாட்டிலில் ஆங்கிலத்தில் ஜிஞ்சிலி ஆயில் என்று போட்டிருக்குமே, அதே சொல், அது போர்த்துகீசியர் வாய்வழியாக வந்தது. எள்ளைத் தேனில் பாகு பிடித்து அங்கே ஒரு மிட்டாய் செய்கிறார்கள், கடித்தால் நம் எள்ளுமிட்டாயேதான். (இதைவைத்து ‘அன்றே சிசிலியை ஆண்ட தமிழன்’ என்று யாரும் பதிவு போட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.)

கி.பி. 827இல் மஸாராவில் வந்து இறங்கிய அரபுப் படை, 831இல் பலெர்மோவைப் பிடித்தது. எலுமிச்சை, கசப்பு ஆரஞ்சு, கரும்பு, பாசன முறைகள், காசாத்தா என்ற இனிப்பின் பெயர் என்று அவர்கள் விட்டுப்போனதைப் பற்றி எங்கள் பெண்மணி பேச ஆரம்பித்தால் கண் மின்னும். பின்னால் வந்த நார்மன் அரசன் இரண்டாம் ரோஜரின் அவையில்தான் அல்-இத்ரீசி 1154இல் உலகப்படமும் அதற்கொரு நூலும் முடித்தார். பலெர்மோ பக்கத்து த்ராபியாவில் இத்ரியா என்ற காய்ந்த மாவு இழைகளைச் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தா கொண்டுவந்தார் என்று இனி யாராவது சொன்னால், அவர் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்பே எழுதியாகிவிட்டது என்று சொல்லுங்கள். அரண்மனைச் சிற்றாலயத்தின் மரக்கூரையில் கிறிஸ்துவ அரசனுக்காக முஸ்லிம் பாணியில் தேன்கூடு வேலைப்பாடு, சுவரில் பைசாந்தியக் கலைஞர்களின் மொசைக். வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த ஊர் இது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

சண்டை இங்கேதான். இதைச் சொல்லிக்கொண்டே அவர் பல்லாரோவில் ஒரு கடையைத் தாண்டிப் போனார். வாசலில் கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய், தேங்காய். பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கச் சமையல் கடை, எதிரே வங்காளி ஒருவரின் காய்கறித் தட்டு. இவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்றேன். கொஞ்சம் தயங்கி, ‘அது இந்த டூரில் வராது, இது சிசிலி சாப்பாடு டூர்’ என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கப்போனாத்தாவில் நீங்கள் போடும் தக்காளி கொலம்பஸுக்குப் பிறகு வந்தது. ஊரெல்லாம் பீங்கான் தட்டிலும் குடையிலும் சிசிலியின் சின்னமாக வரைந்துவைத்திருக்கும் சப்பாத்திக்கள்ளி மெக்சிகோச் செடி, அதற்கு நீங்கள் வைத்த பெயரோ ‘இந்திய அத்தி’. அப்படியென்றால் ஒரு சாப்பாடு சிசிலிச் சாப்பாடாக எத்தனை வருஷம் ஆக வேண்டும், ஐந்நூறா, ஆயிரமா? 827இல் படையோடு வந்தால் பாரம்பரியம், இப்போது பெட்டியோடு வந்தால் டூரில் வராதா? மஸாராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அரபுக்காரர்கள் இறங்கிய அதே ஊரில், 1960களின் கடைசியிலிருந்து துனிசியர்கள் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்கிறார்கள், கஸ்பா என்ற பழைய அரபுப் பேட்டையின் தெருக்களில் குடியிருக்கிறார்கள். உங்கள் புகழ்பெற்ற செவ்விறால் பிடிக்கும் படகுகளில் அவர்களும்தான் இருக்கிறார்கள். இவ்வளவையும் என் ஓட்டை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது கூட வந்தவர்கள் பசியில் என்னை முறைத்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. மூன்று மணிநேரத்தில் ஏழு கடை முடிக்க வேண்டும், பட்டியல் கம்பெனி கொடுத்தது, வருகிறவர்கள் பாட்டி கைமணம் கேட்கிறார்கள் என்றார். நியாயம்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டி கைமணத்துக்குப் பணம் கட்டுவது நாம்தானே.

கடைசி நாள் ஞாயிறு, காலை முழுக்க ஓய்வு. நாங்கள் பலெர்மோவை ஒட்டிய மோன்தே பெல்லெக்ரீனோ மலை ஏறினோம். ஊரின் காவல் புனிதை சான்டா ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே இருக்கிறது. 1624இல் பிளேக் வந்தபோது அவருடைய எலும்புகளை அந்த மலைக்குகையில் கண்டெடுத்து ஊர்வலம் கொண்டுவந்ததும் நோய் நின்றது என்பது நம்பிக்கை, அதனால்தான் ஜூலை 14 ராத்திரி ஊரே தெருவில் நிற்கும். குகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, அதைப் பிடிக்க உலோகத் தகடுகளை வளைத்து வாய்க்கால் மாதிரி கட்டியிருக்கிறார்கள். பாதி வழியிலேயே பின்னால் தமிழ் கேட்டது. குடும்பம் குடும்பமாக ஈழத்தமிழர்கள். இந்துக்களும் வருகிறார்கள், கிறிஸ்துவர்களும் வருகிறார்கள். 1980களில் போர் துரத்தி வந்து சேர்ந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள், இங்கேயே பிறந்து சிசிலி மொழியில் சண்டைபோடும் பிள்ளைகள்.

குகைக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தபோது ஐம்பது வயதிருக்கும் ஒருவர், “நீங்கள் இந்தியாவோ?” என்று பேச்சுக்கொடுத்தார். பைக்குள்ளிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய கடலை வடை எடுத்து ஆளுக்கு இரண்டு நீட்டினார். “ஞாயிறு எண்டால் இஞ்ச வாறனாங்கள். இவ எங்கட அம்மன் மாதிரித்தான், கேட்டது குடுப்பா.” என்ன வேலை என்று கேட்டேன். குசினி வேலையாம், இருபத்தேழு வருஷம். கப்போனாத்தா நன்றாகச் செய்வேன், அதன் பதமே வினாகிரி, அதாவது வினிகர், ஊற்றுகிற நேரத்தில்தான் இருக்கிறது என்று கையால் சட்டியைக் கிளறிக் காட்டினார். நாங்கள் சாப்பிட்ட உணவகத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். “அங்கயும் எங்கட பெடியன் ஒருத்தன்தான் அடுப்படியில நிக்கிறான், அண்ணை.”

முதல் நாள் மத்தியானம் அங்கேதான் பாட்டி கைமணம் என்று சொல்லி எங்களை உட்காரவைத்திருந்தார்கள்.

வடையைப் போட்டோ எடுத்து வழிகாட்டிப் பெண்மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், உங்கள் புனிதையின் வாசலில் கிடைத்தது, கடலைப்பருப்பில் செய்தது, பனெல்லேயின் ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதி. ரொம்ப நேரம் பதில் இல்லை. ஏர்போர்ட்டில் பெட்டி போடும் வரிசையில் நின்றபோது வந்தது, ஒரே ஒரு கேள்வி: அதில் பெருஞ்சீரகம் போடுவார்களா?

போடுவார்கள், தாராளமாகவே போடுவார்கள் என்று பதில் போட்டேன். அந்த மலைப்பாதைக்கு அடுத்த வாரம் போகப்போகிறாராம்.