அந்தப் பச்சை ஷூ

அமெரிக்காவுல டெக்சஸ் உவால்டே ஸ்கூல்ல 2022 மே 24 நடந்த துப்பாக்கிச் சூட்ட பத்தி மறுபடி படிச்சதுல இருந்து மனசே ஆறல. 19 பிள்ளைங்க, 2 டீச்சருங்க செத்துப் போனாங்க. அதுல ஒரு பொண்ண, அவ போட்டிருந்த பச்சை கான்வர்ஸ் ஷூவ வச்சுதான் அடையாளமே கண்டுபிடிச்சாங்க, வலது கால் நுனியில கையால ஒரு குட்டி ஹார்ட் வரைஞ்சிருந்தா, அத நினைச்சாலே தொண்டை அடைக்குது, எத்தனை ஆசையா உட்கார்ந்து வரைஞ்சிருப்பா!

சுட்டவனுக்கு வயசு 18தான். பொறந்தநாள் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே கடையில சட்டப்படி துப்பாக்கி வாங்கி, முதல்ல சொந்தப் பாட்டியவே சுட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கான். போலீஸ் அவன சுட்டு வீழ்த்த 77 நிமிஷம் ஆச்சு, அதுவரைக்கும் உள்ள அடிபட்டுக் கெடந்த பிள்ளைங்க என்ன பாடு பட்டிருக்கும்.

ஏன் இப்படி பண்றானுங்கன்னு யோசிச்சா ஒண்ணும் பிடிபடல. மனநோய்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க, அத நான் ஏத்துக்க மாட்டேன், மனநோயோட போராடுற பெரும்பாலானவங்க யாருக்கும் ஒரு கெடுதலும் பண்றதில்ல. 2017 லாஸ் வேகாஸ் துப்பாக்கிச் சூட்டுல 60 உயிர் போச்சு, அமெரிக்காவோட மத்திய புலனாய்வு அமைப்பு எஃப்பிஐ ஒரு வருஷத்துக்கு மேல தோண்டியும் இதுதான் காரணம்னு ஒண்ணச் சொல்ல முடியல. ஆனா நிறைய பேர் முன்கூட்டியே யார்கிட்டயாவது சொல்லிட்டுதான் பண்றானுங்க. உவால்டே பையனும் பாட்டிய சுட்டத, ஸ்கூலுக்குப் போறத, ஆன்லைன்ல பழகுன ஒரு பொண்ணுக்கு மெசேஜே அனுப்பியிருக்கான்.