மிஸ்ர்: சமஸ்கிருதப் பெயரா?

எகிப்தின் அரபுப் பெயரான 'மிஸ்ர்', கலப்பு எனப் பொருள்படும் 'மிஸ்ர' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது என்றொரு செய்தி சுற்றி வருகிறது. தவறு.

தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிவதுதான் வினை. சமஸ்கிருதச் சொல்லின் நடுவில் இருப்பது 'ஶ' எனும் மெல்லிய அண்ண ஒலி. அரபியில் இருப்பது 'ஸாத்' எனும் கனத்த ஸகரம். வேறு வேறு எழுத்துகள். பேச்சில் எகிப்தியர்கள் 'மஸ்ர்' என்கிறார்கள். தலைநகர் கெய்ரோவையும் அப்படியே அழைப்பதுண்டு.

அரபுப் படையெடுப்புக்குப் பின் வந்த பெயர் என்பதும் சரியல்ல. அந்தப் படையெடுப்பு 7ஆம் நூற்றாண்டில் நடந்தது. அதற்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முந்தைய அமர்னா களிமண் பலகைகளில் (எகிப்தின் அமர்னாவில் கிடைத்த கடிதங்கள்), பண்டை மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில், இந்நாடு 'மிஸ்ரி' என்றே குறிக்கப்படுகிறது. எபிரேயத்தில் 'மிஸ்ராயீம்', தமிழ் விவிலியத்தின் ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தைப் புரட்டினாலே கண்ணில் படும். ஆக, இது அரபு, எபிரேயம், அக்காடியம் அடங்கிய செமிட்டிய மொழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து. அக்காடியத்தில் இதையொத்த சொல்லுக்கு 'எல்லை' என்று பொருள்; அரபியில் படைநகரத்தையும் 'மிஸ்ர்' என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பண்டை எகிப்தியர்கள் தங்கள் நாட்டை இப்படி அழைக்கவில்லை. அவர்களுக்கு அது 'கெமெத்', கரிய மண்.